தவணைக்குள் வளர்ந்துவிடும் பிள்ளை

ஆவணியில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு சனத்தால் நிறைந்துவிடும். நல்லூர்த் திருவிழா முடிகிற கையோடு செல்வச் சந்நிதியில் கொடி ஏறும். ஆற்றங்கரை மடங்களில் அன்னதான அடுப்பு அணையாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் பிறந்த பிள்ளைகள் அம்மம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, மணல் சூடு பொறுக்காமல் துள்ளித் துள்ளி வீதி சுற்றுவார்கள். அந்த நாடுகளில் கோடை விடுமுறை ஓகஸ்ட்டோடு முடிந்துபோகும். அதனால் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே பல வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

சில வீடுகளில் மட்டும் பெட்டி கட்டப்படாமல் கிடக்கும். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாய் தொலைபேசியில் சொல்லுவாள்: "நான் இனி அங்க வரேல்ல. பிள்ளையும் என்னோடதான் இருக்கும்." மறுமுனையில் தகப்பன் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்குப் பிள்ளை வருமா, வராதா?

இதன் மறுபக்கமும் இங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த தகப்பன், "ஒரு மாதம் அங்கே நின்றுவிட்டு வரட்டும்" என்று பிள்ளையைக் கூட்டிப் போகிறான். மாதம் போய் வருடம் ஆகிறது. தாய்க்கு வீசா கிடையாது, போய்ப் பார்க்கவும் வழியில்லை. இன்னொரு வகையில், கனடாவிலிருக்கும் தாய் பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பிக்கிறாள். கூடவராத மற்றப் பெற்றாரின் சம்மதக் கையெழுத்தைக் கனடிய குடிவரவுத் திணைக்களம் கேட்கிறது. தகப்பன் கையெழுத்துப் போட மறுக்கிறான். அல்லது போர் முடிந்த 2009க்குப் பிறகு அவன் எங்கே என்றே தெரியாது.

மூன்றும் வேறுவேறு கதைகள் போலத் தோன்றினாலும் கேள்வி ஒன்றுதான். தாயும் தகப்பனும் இரண்டு நாடுகளில் இருக்கும்போது பிள்ளை எங்கே வாழ வேண்டும், அதை எந்த நாட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் வழமைச் சட்டம், இலங்கைச் சட்டம், சர்வதேச உடன்படிக்கை ஆகியவை என்ன பதில் வைத்திருக்கின்றன என்பதை இங்கே தொகுத்துப் பார்க்கிறேன். தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: இந்த வழக்குகளில் நீதிபதிக்கு முன்னரே காலம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தவணை தவணையாக வழக்கு நீளும்போது பிள்ளை வளர்ந்துவிடுகிறது, மொழி மாறிவிடுகிறது, ஒரு பெற்றாரின் முகம் மங்கிவிடுகிறது. எந்தச் சட்டமானாலும் எவ்வளவு விரைவாக முடிக்கிறது, முடியும்வரை மற்றப் பெற்றாரைப் பிள்ளையின் வாழ்வில் எவ்வளவு வைத்திருக்கிறது என்ற இரண்டையும் கொண்டே அதை அளக்க வேண்டும்.

தேசவழமையும் ரோமன்-டச்சுச் சட்டமும்

1706இல் ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் ஜொவான் சைமன்ஸ் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுக்கச் சொன்னார். இங்கே நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதை 1707 ஜனவரியில் எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரிபார்த்தார்கள். பிரித்தானியர் அதனை 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டமாக்கினார்கள். அதுதான் தேசவழமை.

தேசவழமை பெரும்பாலும் சொத்தைப் பற்றியது. ஆனாலும் பிள்ளையைப் பற்றி அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்யப் போனால், சிறு பிள்ளைகளைப் பேத்தியாரோ கிட்டிய உறவினரோ வளர்க்க எடுப்பது வழமை. அப்போது தாயின் சீதனம் முழுவதையும், முதல் மணத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை எந்த வீட்டில் வளரப் போகிறது என்பது முதலில் தீர்மானமாகிறது. சொத்து அதன் பின்னாலே போகிறது. முந்நூறு வருடத்துக்கு முந்திய இந்த ஏற்பாட்டின் அடிப்படை, பிள்ளையை மையமாக வைத்து மற்றதை ஒழுங்குபடுத்துவதுதான். இன்றைய சண்டைகளில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வீடு, நகை, கடன் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்து, கடைசியில் பிள்ளையையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக்கிவிடுகிறோம்.

பெற்றார் இருவரும் உயிரோடிருந்து பிரியும்போது பிள்ளை யாரிடம் என்ற கேள்விக்குத் தேசவழமை இன்றைய நீதிமன்றத்தில் விடை சொல்வதில்லை. அங்கே இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம் வருகிறது. அதன்படி திருமண பந்தத்தில் பிறந்த பிள்ளையின் கட்டுக்காப்பில் தகப்பனுக்கு முன்னுரிமை. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் அந்த உரிமை அசையும் என்று 1950களிலும் 60களிலும் தீர்ப்புகள் வந்தன. அதே காலத்தில், மிக இளம் பிள்ளைகள் சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்ற தீர்ப்பும் வந்தது. பின்னர் படிப்படியாகப் பிள்ளையின் நலனே முதன்மை என்ற இடத்துக்கு நீதிமன்றங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இலங்கை 1991 யூலையில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்திலும் இதற்கென்றே ஓர் உறுப்புரை இருக்கிறது. பெற்றார் வெவ்வேறு நாடுகளில் வாழும் பிள்ளைக்கு, இருவரோடும் ஒழுங்காக நேரடி உறவும் தொடர்பும் பேணும் உரிமை உண்டு என்கிறது அதன் 10ஆம் உறுப்புரை. இங்கே உரிமை பிள்ளையுடையது. தாய்க்குத் தகப்பன் கொடுக்கும் சலுகையோ, தகப்பனுக்குத் தாய் காட்டும் இரக்கமோ அல்ல.

சீதன வீடும் வெளிநாட்டு வீடும்

பிள்ளை ஏன் பெரும்பாலும் தாயோடு ஊருக்கு வந்து நிற்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, யாழ்ப்பாணத்து வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். தொண்டைமானாற்றிலோ வல்வெட்டித்துறையிலோ கெருடாவிலிலோ ஒரு பெண்ணுக்கு உறுதியோடு கூடிய வீடு இருக்கும். பக்கத்து வளவில் தாயோ தமக்கையோ இருப்பார்கள். வெளிநாட்டிலோ அவள் கணவன் கூப்பிட்ட வீசாவில் போனவள். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், வங்கிக் கணக்கு அவன் பெயரில், நாட்டின் மொழியும் அவனுக்குத்தான் தெரியும். அங்கே குடும்பம் உடைந்தால் அவளுக்கு ஒதுங்க ஓர் அறைகூடக் கிடைக்காது. ஊரிலோ சொந்த வீடு பூட்டிக் கிடக்கும். அவள் பிள்ளையோடு இங்கே வருவது பல நேரங்களில் கடத்தல் என்ற எண்ணத்தில் அல்ல, வீட்டுக்குப் போகிறேன் என்ற எண்ணத்தில்.

ஆனால் தகப்பன் பக்கம் நின்று பார்த்தால், பயணத்துக்கு முதல்நாள் இரவு வரை மடியிலிருந்த பிள்ளை ஒரே அழைப்பில் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் போய்விட்டது. பகலிரவு வேலை செய்து, மூன்று வருடம் சேர்த்த விடுமுறையில் பிள்ளையைப் பார்க்க வந்து, கேற்றில் நின்று திரும்பிப் போன தகப்பன்மார் இருக்கிறார்கள். இருவருடைய நியாயமும் உண்மை. அதனால்தான் இந்தக் கேள்வியை ஊர்ப் பஞ்சாயத்தாலோ தொலைபேசி வசவுகளாலோ தீர்க்க முடியாது, சட்டம் தேவைப்படுகிறது.

ஹேக் உடன்படிக்கை சொல்வது

1980 ஒக்டோபர் 25இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் எழுதப்பட்டது, சிறுவர்கள் எல்லை கடந்து கொண்டுசெல்லப்படுவதன் குடியியல் அம்சங்கள் பற்றிய உடன்படிக்கை. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. தென்னாசியாவில் முதலில் சேர்ந்தது இலங்கை. 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் அது உள்நாட்டுச் சட்டமானது. அவ்வருடம் டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நீதி அமைச்சின் செயலாளரே இங்கு மத்திய அதிகாரி.

அதன் இயக்கம் எளியது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வழமையாக வாழ்ந்த நாட்டிலிருந்து, மற்றப் பெற்றாரின் கட்டுக்காப்பு உரிமையை மீறிக் கொண்டுவரப்பட்டாலோ, விடுமுறைக்கென்று வந்து திருப்பி அனுப்பப்படாமல் வைத்திருக்கப்பட்டாலோ, அந்தப் பிள்ளையை விரைவாகப் பழைய நாட்டுக்குத் திருப்ப வேண்டும். இதில் பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை தாயிடமா தகப்பனிடமா என்பதை இந்த வழக்கு தீர்மானிப்பதில்லை. அதை எந்த நாட்டு நீதிமன்றம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. திருப்பி அனுப்பும் கட்டளை தகப்பனின் கையில் பிள்ளையைக் கொடுக்கும் கட்டளை அல்ல. தாயும் கூடப் போய் அங்குள்ள நீதிமன்றத்தில் தன் வழக்கைச் சொல்லலாம்.

இந்த யோசனைக்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி உண்டு. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். ஒரு மாநிலத்தில் தோற்ற பெற்றார் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்ப் புதிய கட்டளை வாங்குவது வழக்கமாயிருந்தது. 1968இலும் பின்னர் 1997இலும் மாநிலங்களுக்கென எழுதப்பட்ட ஒரேவகைச் சட்டங்கள் அதைத் தடுத்தன. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளை கடைசியாகத் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த மாநிலமே அதன் சொந்த மாநிலம். முதலில் கேட்கும் உரிமை அந்த மாநில நீதிமன்றத்துக்கே.

காலத்தைப் பற்றி உடன்படிக்கைக்குத் தெளிவு இருந்தது. ஆறு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம் என்கிறது 11ஆம் உறுப்புரை. ஒரு வருடம் கடந்து விண்ணப்பித்தால், பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிட்டது என்று காட்டி மறுக்கலாம் என்கிறது 12ஆம் உறுப்புரை. நடைமுறை வேறாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை உலகளாவிய அளவில் ஆராய்ந்த அறிக்கையின்படி, ஒரு விண்ணப்பம் முடிவுக்கு வரச் சராசரியாக 207 நாட்கள் எடுத்தன. 2015இல் அது 164 நாட்களாக இருந்தது. பிள்ளைகள் திரும்பிய விகிதம் 45 வீதத்திலிருந்து 39 வீதமாகக் குறைந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு 207 நாள் என்பது அதன் ஆயுளில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் அது பிரெஞ்சை மறந்து தமிழில் கனவு காணத் தொடங்கிவிடும். அல்லது தமிழை மறந்து பிரெஞ்சில்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பின்னால் சேர்ந்த நாட்டை ஏற்கனவே இருக்கும் ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அந்த இரண்டுக்கும் இடையே உடன்படிக்கை இயங்கும். அமெரிக்காவுக்கும் இலங்கைக்கும் இடையே அது 2008 ஜனவரி முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வழக்குப் போட முன்னர், தங்கள் நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே உடன்படிக்கை இயங்குகிறதா, எப்போதிருந்து என்பதை நீதி அமைச்சில் கேட்டு உறுதிசெய்வது முதல் வேலை.

அடிபட்ட தாய்க்கு உள்ள வாசல்

1980இல் இதை எழுதியவர்களின் மனதில் இருந்தது, கட்டுக்காப்பு வழக்கில் தோற்ற தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. நடைமுறையில் 2021ஆம் ஆண்டு வழக்குகளில் 75 வீதமானவற்றில் பிள்ளையைக் கொண்டுபோனவர் தாய். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிள்ளையை அன்றாடம் பராமரித்தவர்கள். ஒரு பகுதியினர் அடிக்கும் உதைக்கும் பயந்து ஓடியவர்கள்.

அவர்களுக்கான வாசல் 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடலளவிலோ மனத்தளவிலோ கடுமையான ஆபத்து என்றால் நீதிமன்றம் மறுக்கலாம். போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தானே மறுத்தாலும் அந்த மறுப்பைக் கணக்கில் எடுக்கலாம். இந்த வாசலை எவ்வளவு அகலத் திறப்பது என்பதில் உலக நீதிமன்றங்கள் இன்னும் போராடுகின்றன. 2011இல் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டை உண்மை என்று எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் காக்கும் ஏற்பாடுகள் போதுமா என்று பார்க்கும் வழியைச் சொன்னது. கடுமையான ஆபத்து என்று கண்ட பிறகும், சாத்தியமான எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் ஆராய்ந்து முடிக்கும் கடமை நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் காரணங்களில் ஒன்று, அந்த ஆராய்ச்சியே வழக்கை வருடக்கணக்கில் இழுக்கிறது என்பது.

இங்குள்ள தாய்மாருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே அடிபட்டபோது பொலிசுக்குச் சொன்ன பதிவு, வைத்தியரின் கடிதம், பெண்கள் காப்பகத்தில் தங்கிய இரவு ஆகியவை வழக்கில் பேசும். வாயால் சொல்லும் கதையை மறுப்பது எளிது. மானம் போகும் என்று அங்கே மறைத்தது இங்கே நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகவே திரும்பும்.

அகதிப் பத்திரத்தோடு வரும் தகப்பன்

1983 கலவரத்துக்குப் பிறகு வெளியேறிய தமிழருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அகதி அந்தஸ்துப் பெற்றவரின் பயணப் பத்திரம் பெரும்பாலும் எல்லா நாட்டுக்கும் செல்லும். அவர் தப்பிவந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. ஆகவே பிள்ளை தொண்டைமானாற்றில் இருந்தால், தகப்பன் பருத்தித்துறை நீதிமன்றத்துக்கு வர முடியாது. தமையனுக்கோ மாமனுக்கோ அற்றோர்ணித் தத்துவம் கொடுத்து வழக்கு நடத்தலாம். ஆனால் பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து தூங்கும், எந்தச் சாப்பாட்டுக்கு அழும் என்று நீதிபதி கேட்டால் அற்றோர்ணி வைத்திருப்பவருக்கு என்ன தெரியும்?

பிள்ளையே அகதியாக இருந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. 2011இல் ஒன்ராறியோவின் மேன்முறையீட்டு நீதிமன்றம், அகதியென ஏற்கப்பட்ட பிள்ளையைத் திருப்பினால் கடுமையான ஆபத்து உண்டு என்று முதலில் கருத வேண்டும், மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. 2021இல் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம், புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது திருப்பும் கட்டளை போடலாம், ஆனால் கோரிக்கை முடியும்வரை அதை நிறைவேற்றக் கூடாது என்றது. புகலிடக் கோரிக்கை எவ்வளவு காலம் இழுபடும் என்று அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அதையும் விரைவுபடுத்த வேண்டும் என்று அந்த நீதிமன்றமே கவலைப்பட்டது.

காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனின் கையெழுத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெற இடம் வந்தது. கணவன் இறந்தான் என்று எழுதிக் கொடுக்க மனமில்லாத தாய், தனியே பிள்ளைக்குப் பொறுப்பானவள் என்று காட்ட அது ஓர் ஆவணம். அதை ஏற்பது அந்தந்த நாட்டின் அதிகாரிகளைப் பொறுத்தது. ஆனாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல்.

பாக்குநீரிணைக்கு அப்பால்

வடமராட்சிக் கரையிலிருந்து வள்ளத்தில் வேதாரணியத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களில் பலரின் குடும்பங்கள் இன்று பாதி அங்கே, பாதி இங்கே. தாய் பிள்ளைகளோடு ஊர் திரும்பியிருப்பாள். தகப்பன் தமிழ்நாட்டு முகாமிலேயே நின்றிருப்பான். இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை. இந்தியச் சட்ட ஆணைக்குழு 2009இல் தன் 218ஆம் அறிக்கையில் சேரும்படி பரிந்துரைத்தது; 2016இல் ஒரு சட்டமூல வரைவும் வந்தது; அது சட்டமாகவில்லை. நமக்கு மிகக் கிட்டிய நாட்டோடுதான் நமக்கு உடன்படிக்கை இல்லை.

உடன்படிக்கை இல்லாதபோது காலம் என்ன செய்யும் என்பதற்குக் கோயம்புத்தூர் வழக்கு ஒன்று சான்று. இங்கிலாந்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம். 2012 ஓகஸ்டில் தாய் இரண்டு பெண்பிள்ளைகளோடு கோயம்புத்தூர் வந்து விவாகரத்து வழக்குப் போட்டார். நவம்பரில் இங்கிலாந்து நீதிமன்றம் பிள்ளைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்துத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது. தகப்பன் ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றம் போனார், 2013இல் தோற்றார். 2015 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இங்கிலாந்து நீதிமன்றமே கேட்க வேண்டும் என்றது. இரண்டரை வருடம். 2017இல் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் இருந்த அமர்வு, வெளிநாட்டுக் கட்டளை கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மை என்று அந்த வழியைத் திருத்தியது. கொள்கையாக இது நல்லது. ஆனால் நலனை ஆராய்ந்து முடிப்பதற்குள் பிள்ளை இடம் ஊன்றிவிட்டால், ஊன்றியதே நலன் ஆகிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு தவணை எடுக்கும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு

சாதாரணக் கட்டுக்காப்பு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். பிள்ளையைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி, ஆட்கொணர்வு எழுத்தாணை கேட்டு மாகாண மேல் நீதிமன்றத்துக்கோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். ஆனால் ஹேக் விண்ணப்பம் கேட்கப்படுவது கொழும்பிலுள்ள மேல் மாகாண மேல் நீதிமன்றத்தில்.

தொண்டைமானாற்றுத் தாய்க்கு இது என்ன என்று பாருங்கள். காலை தவணை என்றால் முதல் நாள் இரவு பஸ். நானூறு கிலோமீற்றர். மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோவை. அதற்குள் பிள்ளையின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழும் அதன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், பள்ளி அதிபர் தந்த வரவுக் கடிதம், தடுப்பூசி அட்டை, வட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்த பத்துப் பக்கம். பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னால் அதற்கு இன்னொரு சீற்று, வழியில் வாந்திக்கு ஒரு பை. விடிய வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவி, நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்கு முச்சக்கர வண்டி. வழக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். மற்றத் தரப்புச் சட்டத்தரணி ஏதோ ஓர் ஆவணத்துக்குக் கால அவகாசம் கேட்பார். மூன்று நிமிடத்தில் அடுத்த தவணை. இரவு திரும்பவும் பஸ்.

அதே மூன்று நிமிடத்தை லண்டனிலிருந்து வந்து ஹோட்டலில் நிற்கும் தகப்பனும் இழக்கிறான். அவனுடைய விடுமுறை அங்கே முடிகிறது. தூரமும் தாமதமும் இருவரையும் தின்கின்றன. பிள்ளையின் வழக்கு பிள்ளை இருக்கும் மாகாணத்திலேயே, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில், அது பேசும் மொழியில் கேட்கப்பட்டால் இந்த இழப்பில் பாதி குறையும்.

இலங்கையின் விவாகரத்துச் சட்டமும் தாமதத்தைக் கூட்டுகிறது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சோரம், வன்மமான கைவிடுகை, தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால்தான் விவாகரத்துத் தருகிறது. சேர்ந்து வாழ முடியவில்லை என்பது காரணமாகாது. ஆகவே யார் யாரைக் கைவிட்டார் என்று நிறுவுவதில் இரண்டு பக்கமும் வருடங்களைச் செலவழிக்கின்றன. பிள்ளையின் கேள்வி அந்தச் சேற்றில் புதைகிறது.

காசும் முகமும்

"காசு அனுப்பட்டும், பிள்ளையைக் காட்டுறன்." "பிள்ளையைக் காட்டட்டும், காசு அனுப்புறன்." வடமராட்சியில் இந்த இரண்டு வசனமும் எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் இவை இரண்டு வேறு விடயங்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, பெற்றார் பிள்ளைக்குத் தாபரிப்புக் கொடுக்க வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் அதைக் கேட்கலாம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையான பிள்ளையும் கேட்கலாம். பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக அதை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்பதற்காகத் தகப்பனின் குரலைப் பிள்ளைக்கு மறுக்கவும் கூடாது. பணம் பிள்ளையின் வயிற்றுக்கு, குரல் பிள்ளையின் மனதுக்கு.

சொற்களே இதில் வழிகாட்டலாம். கனடா 2021 மார்ச்சில் தன் விவாகரத்துச் சட்டத்திலிருந்து கட்டுக்காப்பு, பார்வையிடல் என்ற சொற்களை எடுத்துவிட்டு, பெற்றார் பிள்ளையோடு செலவிடும் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று எழுதியது. இங்கிலாந்து 1989இலேயே அந்தத் திசையில் நடந்தது. "கட்டுக்காப்பு எனக்கு" என்று வெல்லவும் தோற்கவும் பழகிய நமக்கு, "திங்கள் முதல் வெள்ளி வரை உன்னோடு, விடுமுறையில் என்னோடு" என்று பேசப் பழகுவது பெரிய மாற்றம்.

என்ன செய்யலாம்

முதலாவது, நீதிமன்றத்துக்கு முந்திய வேலை. விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பும்போது எந்த நாளில் திரும்பும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். 2018இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் கேட்ட ஒரு வழக்கில், ஜேர்மனியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கென்று கனடாவுக்கு வந்த பிள்ளைகள் தகப்பனின் சம்மதத்தைத் தாண்டித் தங்கினார்கள். அந்தச் சம்மதம் தற்காலிகம் என்பது எழுத்தில் இருந்தது; ஆனாலும் அது மட்டும் பிள்ளைகளின் வழமையான இருப்பிடத்தைத் தீர்மானிக்காது, அவர்களின் வாழ்வு இரண்டு நாட்டிலும் எப்படி வேர்விட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். எழுத்து உதவும், எழுத்தும் விரைவும் சேர்ந்தால்தான் காக்கும்.

இரண்டாவது, பிள்ளையை நிறுத்திவைத்த வாரத்திலேயே நடவடிக்கை. "மனம் மாறுவா" என்று தகப்பன் ஆறு மாதம் காத்திருந்தால், "எப்படியும் சமாதானமாகும்" என்று தாய் சட்டத்தரணியைப் பார்க்காமலிருந்தால், இருவரின் வழக்கும் பலவீனமாகும். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வசதியில்லாதவர் அங்கே ஆலோசனை கேட்கலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

மூன்றாவது, இணக்கமாக முடிந்தாலும் அதே உடன்பாட்டை இரண்டு நாட்டு நீதிமன்றத்திலும் கட்டளையாகப் பதிவது. ஒரு நாட்டில் மட்டும் இருக்கும் கட்டளை விமான நிலையத்தோடு நின்றுவிடும்.

நான்காவது, அரசு செய்ய வேண்டியது. ஹேக் வழக்குகளை மற்ற மாகாணங்களின் மேல் நீதிமன்றங்களும் கேட்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். வர முடியாத பெற்றார் காணொளியில் சாட்சியம் சொல்ல வழி வேண்டும். ஆறு வாரம் என்ற வரையறை தவணைப் புத்தகத்திலும் தெரிய வேண்டும். இந்தியாவோடு, உடன்படிக்கையில்லாவிட்டாலும், பிரிந்த அகதிக் குடும்பங்களுக்கென்று இரு அரசுகளும் ஓர் ஏற்பாட்டைப் பேச வேண்டும்.

ஐந்தாவது, இவையெல்லாம் முடியும்வரை செய்யக்கூடியது, செலவில்லாதது, இன்றே தொடங்கக்கூடியது. வழக்கின் முதல் தவணையிலேயே, பிள்ளை மற்றப் பெற்றாரோடு எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் காணொளியில் பேசும் என்று இடைக்காலக் கட்டளை கேட்க வேண்டும். நேர வித்தியாசத்தையும் எழுத வேண்டும். ரொறன்ரோவில் விடியும்போது இங்கே பிள்ளை பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டு முடிந்திருக்கும். வேலைக்குப் போக முன்னர் பத்து நிமிடம் அந்தத் தகப்பன் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கலாம், பல் விழுந்த இடத்தைப் பார்க்கலாம், சந்நிதியில் வாங்கிய காத்தாடி இன்னும் சுற்றுகிறதா என்று கேட்கலாம். எந்த நீதிபதி எந்த வருடத்தில் என்ன தீர்ப்புச் சொன்னாலும், அந்தப் பத்து நிமிடம் நாள் தவறாமல் நடந்திருந்தால், தீர்ப்பு வரும் நாளில் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரும் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.